மாச்சாவுக்கு முகவரி உண்டு, நம் தேயிலைக்கு ஏன் இல்லை?



சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். நீதிமன்றத்திலிருந்து திரும்பி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி வந்தார். வயது இருபத்தெட்டு இருக்கும். பிறை தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில் சொந்தமாக ஒரு சிறு வியாபாரம் தொடங்கியிருந்தார். ஜப்பான் மாச்சாத் தூளை மொத்தமாக வாங்கி, தீவிலும் இந்தப் பக்கத்திலும் உள்ள காப்பிக் கடைகளுக்குப் பிரித்து விற்கும் வியாபாரம். நம் பிள்ளைகளில் ஒருவர் லாரி ஓட்டாமல், செக்யூரிட்டி வேலைக்குப் போகாமல், மொத்த வியாபாரத்தில் கால் வைக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

மேசை மேல் ஒரு பச்சை டின்னை வைத்தார். டின்னில் தொப்பி போட்ட ஒரு முதியவரின் படம். அவர் பெயர். உஜி என்ற ஊர்ப்பெயர். இலை பறித்த மாதம். "விவசாயியின் தோட்டத்திலிருந்து நேரடியாக" என்று ஒரு வரி.

"அண்ணே, இது பொய்யாம் அண்ணே" என்றார்.

ஆறு கிலோ. 4,600 வெள்ளி. கடைக்காரர் ஒருவர் தூளைக் கரைத்துப் பார்த்து, நிறம் மஞ்சளடிக்கிறது, வாயில் வைக்கோல் ருசி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பிக்குச் சந்தேகம். ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு நண்பரைப் பிடித்து, டின்னில் பெயர் உள்ள அந்த விவசாயிக்கே எழுதிக் கேட்டிருக்கிறார். பெரியவர் மரியாதையாகப் பதில் போட்டார்: "என் இலை முழுவதும் ஏலத்துக்குப் போகிறது. நீங்கள் சொல்லும் கம்பெனியை எனக்குத் தெரியாது."

இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

மாச்சா என்பது அரைத்த பச்சைத் தேயிலை. ஆனால் எந்தப் பச்சைத் தேயிலையை அரைத்தாலும் அது மாச்சா ஆகிவிடாது. பறிப்பதற்கு முன் மூன்று வாரம் செடியை மூடி நிழலில் வைக்க வேண்டும். பறித்த இலையை ஆவியில் வாட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கினால் கிடைப்பது தென்ச்சா. அந்தத் தென்ச்சாவைக் கல் இயந்திரத்தில் மெதுவாக அரைத்தால்தான் மாச்சா. ஒரு கல் ஒரு மணி நேரத்தில் நாற்பது கிராம் தந்தாலே பெரிது. நம் பாட்டிமார் திரிகையில் உளுந்து உடைத்த வேகம்கூடக் கிடையாது.

விவசாயி பெரும்பாலும் இலையோடு நின்றுவிடுகிறார். அவருடைய தென்ச்சா ஏலத்துக்கோ தேயிலை வணிகரிடமோ போகும். வணிகர் பல தோட்டத்து இலைகளைக் கலந்து, அரைத்து, டின்னில் அடைப்பார். "உஜி தேயிலை" என்ற பெயருக்கே கியோட்டோ வணிகர்கள் வைத்த விளக்கம் என்ன தெரியுமா? கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாநில இலையையும் சேர்க்கலாம், கியோட்டோவில் பதப்படுத்தியிருந்தால் போதும்! இதில் மோசடி ஒன்றும் இல்லை. அது அந்தத் தொழிலின் முறை. ஆனால் "ஒரே தோட்டம், ஒரே விவசாயி, நேரடி" என்று டின்னில் போட வேண்டுமானால், விவசாயியே அரைத்து விற்பவராக இருக்க வேண்டும், அல்லது வணிகர் அவர் இலையைத் தனியாக வைத்து அரைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்பவர்கள் உண்டு. குறைவு. "செரிமோனியல் கிரேட்" என்று ஒரு சொல்லை எல்லா டின்னிலும் பார்க்கிறீர்களே, அதற்கு ஜப்பான் சட்டத்தில் எந்த அளவுகோலும் இல்லை. விற்பவன் வாயில் வந்த சொல்தான்.

இதற்கு மேல் தட்டுப்பாடு வேறு. 2010-இல் ஜப்பானில் 1,471 டன் தென்ச்சா விளைந்தது. 2023-இல் 4,176 டன். ஏறக்குறைய மூன்று மடங்கு, அப்படியும் போதவில்லை. 2024-இல் கியோட்டோவின் பழம்பெரும் கடைகளான இப்போடோவும் மாருக்யூ கோயாமாயெனும் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைத்தன. 2025 மே மாதம் கியோட்டோ ஏலத்தில் தென்ச்சா கிலோ சராசரி 8,235 யென்னுக்குப் போனது. ஓராண்டில் 170 விழுக்காடு ஏற்றம். சரக்கு இல்லாத இடத்தில் பொய்ச் சரக்கு வரும். சீனாவிலும் மாச்சா செய்கிறார்கள், நல்ல மாச்சாவும் செய்கிறார்கள். அதைச் சீன மாச்சா என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஜப்பானிய முதியவரின் படத்தை ஒட்டி விற்பதுதான் திருட்டு.

தம்பியின் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது எளிது: வர்ணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். பொய் வர்ணனை 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட. தொகை ஐயாயிரம் வெள்ளிக்குள் இருந்ததால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை. படிவம் 198-ஐ நிரப்பிப் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்கக் கூடாது, வைக்கவும் தேவையில்லை. (என் தொழிலுக்கு நானே உலை வைக்கிறேன், பரவாயில்லை.) வாட்சாப் உரையாடலையும், டின்னையும், பெரியவரின் பதிலையும் கோர்த்துக் கொடுத்தோம். விசாரணைத் தேதிக்கு முன்பே பணம் திரும்பி வந்துவிட்டது. நீங்களும் வாங்கும்போது லாட் எண், அறுவடை ஆண்டு, அரைத்த தேதி, அரைத்தவர் பெயர் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். "நேரடி" என்று வாயால் சொல்பவனிடம் அதையே பில்லில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே மறைந்துவிடுவார்கள்.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பணம் வந்த அன்று தம்பி நன்றி சொல்ல வந்தார். வந்தவருக்கு எதிர்க்கடையிலிருந்து தே தாரிக் வரவழைத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க பாட்டி கேமரன் மலையில கொழுந்து கிள்ளுனவங்க அண்ணே."

என் கையில் கிளாஸ் அப்படியே நின்றுவிட்டது. ஐயாயிரம் கிலோமீட்டர் இருக்குமோ என்னவோ, ஜப்பானில் ஒரு மலையடிவாரத்தில் தொப்பி போட்ட ஒரு முதியவரின் பெயர் பொய்யாகப் போடப்பட்டது என்று நாங்கள் இருவரும் நீதிமன்றம் வரை போனோம். அந்தக் கிளாஸில் இருந்த தேயிலையை யார் கிள்ளியது? எந்த நாடு? எந்தத் தோட்டம்? கடைக்காரர் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐந்து கிலோ பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து காட்டினார். கலக்கப்பட்டது, கட்டப்பட்டது என்று இருந்தது. கட்டியவர் முகவரி இருந்தது. கிள்ளியவர்? மூச்சில்லை.

வாசகர்களே, இதுதான் நான் இன்று உங்களிடம் பேச வந்த விஷயம். மாச்சா குடிப்பவர்களைத் திட்ட நான் வரவில்லை. ஜார்ஜ்டவுன் லெபோக்களில் பதினைந்து வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு கிளாஸ் குடிக்கிறார்கள் என்றால் அது அவரவர் காசு. நம் பிள்ளைகள் அதில் வியாபாரம் செய்து பிழைத்தால் எனக்குச் சந்தோஷமே. நான் கேட்பது ஒன்றுதான். மாச்சாவுக்குத் தோட்டத்தின் பெயர் கேட்கிற, விவசாயியின் படம் கேட்கிற, விமானம் ஏறிப் போய் ககோஷிமாவில் அவரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுகிற அதே மொத்த வியாபாரி, தமிழ்ப் பெண்கள் கிள்ளுகிற தேயிலைக்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

"அது வேறு அண்ணே, இது வேறு. மாச்சா கொஞ்சமாக விளைவது. சாதாரணத் தேயிலை டன் கணக்கில் கலந்து வருவது. எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு மொத்த வியாபாரி என்னிடம் வாதாடினார். நம்மவர்தான்.

அவருக்குப் பதில் சொல்ல நான் வேண்டாம். பிறையில் ஜப்பான் கம்பெனியில் இருபது வருஷம் ஆபரேட்டராக இருந்த எந்த அக்காவையும் கேளுங்கள். நகத்தளவு உதிரிப்பாகம் ஒன்று. அதில் ஒரு எண். எந்த நாள், எந்த லைன், எந்த ஷிப்ட், எந்த ஆபரேட்டர் கையில் போனது என்று ஐந்து வருஷம் கழித்தும் கண்டுபிடிப்பார்கள். சரக்கு பழுதாகித் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் நேரே அந்த அக்காவிடம் வந்து நிற்பார். குற்றம் சாட்டுவதற்கு நம் பெயர் ஒரு நொடியில் கிடைக்கிறது! கூலி உயர்த்திக் கொடுப்பதற்கும், யார் உழைப்பு இது என்று சொல்வதற்கும் மட்டும் பெயர் தொலைந்துபோகிறது.

வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். "நேரடியாக எடுப்பது" என்பது நமக்குப் புதிதா? கங்காணி நேரே கிராமத்துக்குப் போனான். முன்பணம் கொடுத்தான். கப்பலேற்றினான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய நம் முன்னோர் பினாங்கில் இறங்கினார்கள். பலர் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அப்போது பதிவேட்டில் எல்லாம் எழுதினான் வெள்ளைக்காரன்: பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, சாதி, உடம்பில் உள்ள மச்சம். ஆளை இறக்குமதி செய்தபோது இவ்வளவு துல்லியம். ஆள் பறித்த இலையை ஏற்றுமதி செய்தபோது பெட்டி மேல் தோட்டத்தின் பெயர், துரையின் முத்திரை. அவ்வளவுதான். கேமரன் மலையில் ஜே.ஏ.ரஸ்ஸல் 1929-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கினார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சரிவில் காட்டை வெட்டிக் கன்று நட்ட முதல் நூறு பேரில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜப்பான் என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை 1942, 43-இல் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான் இராணுவம் கொண்டுபோனது. போரில் பிடிபட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் கல்லறையும், கல்லறையில் பெயரும் உண்டு. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 'நல்லெண்ணமாக' 294 கோடி யென் தர ஒப்புக்கொண்டது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்துக் காசு வரவில்லை. இதற்கும் இன்று உஜியில் இலை பறிக்கிற கிழவருக்கும் தொடர்பில்லை, அவரைக் குறை சொல்வது பாவம். பெயர் எழுதப்படாத உழைப்புக்கு என்ன நேரும் என்பதற்காகச் சொன்னேன். வழக்கு என்று வரும்போது வாதியின் பெயரே இல்லாமல் என்ன மனுப் போடுவீர்கள்?

சரி, ஜப்பான் தேயிலைக்கு மட்டும் எப்படிப் பெயர் கிடைத்தது? ஜப்பான்காரன் நல்லவன், நம் முதலாளி கெட்டவன் என்பதாலா? அப்படி இல்லை. அங்கே தோட்டம் பெரும்பாலும் குடும்பத்துச் சொத்து. பறிப்பவரும் சொந்தக்காரரும் ஒரே வீடு. சொந்தக்காரன் பெயர் டின்னில் வந்தது. அவனே உழைப்பாளியாகவும் இருந்ததால் உழைப்பாளி பெயரும் வந்துவிட்டது. அங்கும் உயர்ந்த ரகத்தைக் கையால் கிள்ளக் கூலிக்கு வருகிற பருவகாலப் பெண்கள் உண்டு, அவர்கள் பெயரை எந்த டின்னிலும் நான் பார்க்கவில்லை. அந்த விவசாயிகளும் சொகுசாக இல்லை. 2000-இல் 53,687 தேயிலை விவசாயக் குடும்பங்கள் இருந்தன, 2020-இல் 12,353. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஆக, பெயர் என்பது நிலத்தோடு ஒட்டியது. நிலம் யாருடையதோ பெயர் அவனுடையது.

நம் நிலை தலைகீழ். 1948-இல் இலங்கை சட்டம் போட்டு மலையகத் தமிழரின் குடியுரிமையையே பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆளைப் பிரித்துக்கொண்டார்கள். இலையைக் கூட ஏலத்தில் ருசி பார்த்துப் பிரிப்பார்கள். ஆட்களைக் கேட்டாவது பிரித்தார்களா? நாடே இல்லை என்று சொல்லப்பட்டவனுக்கு நிலம் ஏது, பாக்கெட்டில் பெயர் ஏது?

இன்றைய கூலிக்கு வாருங்கள். இலங்கையில் ஆயிரம் ரூபாய் நாள் கூலிக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021-இல் அது கிடைத்தது. 2024-இல் 1,700 என்று அரசாங்கம் வர்த்தமானியில் போட்டது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் அடிப்படை 1,350-இல் வந்து நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ஆக்கி, வேலைக்கு வந்தால் அரசாங்கம் 200 சேர்த்து, 1,750 ஆகும் என்று அறிவித்தார்கள். நம் வெள்ளியில் கணக்குப் போட்டால் இருபத்தைந்தைத் தொடாது. அதற்குப் பதினெட்டு, இருபது கிலோ பச்சைக் கொழுந்து கொடுக்க வேண்டும். மழையில், அட்டைக்கடியில், செங்குத்துச் சரிவில். ஜார்ஜ்டவுனில் இரண்டு கிளாஸ் மாச்சா லாத்தே வாங்க அந்த அக்காவின் ஒரு நாள் கூலி போதாது.

கொழும்பு ஏலம் 1883-இலிருந்து நடக்கிறது. 2024-இல் அங்கே ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 1,200 ரூபாய் அளவில். கியோட்டோவில் கிலோ 8,235 யென், நம் காசில் இருநூறு வெள்ளிக்கு மேல். கொழும்பில் கிலோ இருபது வெள்ளியைக் கூடத் தொடவில்லை. இரண்டும் ஒரே செடியின் இலைதான் ஐயா! பதப்படுத்தும் முறை வேறு, நிழல் வேறு, கல் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்தப் படத்துக்கும் பெயருக்கும் ஊர்க்கதைக்கும் கொடுக்கிற விலை. வாங்குகிறவன் கதைக்குக் காசு கொடுக்கிறான். நம்மிடம் கதை இல்லையா? இருநூறு வருஷக் கதை இருக்கிறது. சொல்லத்தான் விடுவதில்லை.

பங்குதாரர் ஆக்கிவிட்டால் தீர்ந்துவிடுமே என்று நினைப்பவர்கள் மூணாறைப் பாருங்கள். டாடா டீ 2005-இல் விலகியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். உலகமே பாராட்டியது. 2015 செப்டம்பரில் அந்தப் 'பங்குதாரர்கள்' நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்! போனஸை இருபதிலிருந்து பத்து விழுக்காடாக வெட்டியதுதான் பொறி. நாள் கூலி அப்போது 232 ரூபாய். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள், பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, சங்கத் தலைவர்கள் ஒருவரையும் பக்கத்தில் சேர்க்காமல், கொடி இல்லாமல் உட்கார்ந்தார்கள். சட்டமன்ற உறுப்பினரை விரட்டிவிட்டார்கள். வி.எஸ்.அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் கூட உட்கார இடம் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் இருபது விழுக்காடு கிடைத்தது. பங்குப் பத்திரம் செய்யாததை ரோடு செய்தது. நம் சங்கத் தலைவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம்.

அதே மலையில் 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்தது. லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ளவர்கள். அந்த வாரம் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வந்தது. வரிசையாக, வயதோடு, தகப்பன் பெயரோடு. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் தேயிலை பறித்த குடும்பங்கள். பெயர் அச்சில் ஏறுவதற்குச் சாக வேண்டியிருந்தது.

இதை நான் ஏன் பிறையில் உட்கார்ந்து உங்களிடம் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. நாம் வெறும் குடிப்பவர்கள் இல்லை. பிறை, சாய் லெங், ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் வரை நம்மவர்களின் சாப்பாட்டுக்கடை, ஒட்டுக்கடை, மளிகைக்கடை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போட்டுத் தேநீர் கொடுக்கிறோம். கலியாண மண்டபத்தில் அண்டா அண்டாவாகத் தேநீர். தொழிற்சாலைக் கேண்டீன் குத்தகை சிலதும் நம்மவர் கையில். ஆக, தமிழன் கிள்ளிய தேயிலையை மொத்தமாக வாங்குகிறவனும் தமிழன்தான். இடையில் இருக்கிற பத்துக் கைகள்தான் ஒருவரை ஒருவர் பார்க்க விடாமல் மறைக்கின்றன. நிற்கிற இடத்தில் நின்று வாங்குகிற நம்மிடமும் குற்றம் உண்டு. கிலோவுக்கு ஐம்பது காசு குறைவாக எவன் தருகிறான் என்று மட்டும்தான் கேட்கிறோம். அந்த ஐம்பது காசு எங்கிருந்து வெட்டப்படுகிறது என்று கேட்டிருக்கிறோமா?

நேரடியாக வாங்குவது வெறும் கனவில்லை. குன்னூரில் இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையம் இருக்கிறது. நீலகிரிச் சிறு விவசாயிகளின் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் அதில் சேர்ந்தவை. ஜப்பானைப் போலவே அங்கும் நிலம் சிறு குடும்பங்களுடையது. பச்சை இலைக்கு நியாய விலை வேண்டி அவர்களும் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். இலங்கை ஊவாவில் எல்லாவுக்குப் பக்கத்தில் அம்பா என்று ஒரு சிறு தோட்டம், விற்பனை வருமானத்தில் பத்து விழுக்காட்டைத் தொழிலாளர்களுக்குப் பங்காகக் கொடுக்கிறது. சிறியதுதான், விலை கூடியதுதான், தே தாரிக்குக்கு ஒத்துவராது. ஆனால் முடியாது என்று சொல்கிற வாயை அடைக்க அது போதும். நம் கேமரன் மலையிலோ இப்போது கொழுந்து வெட்டுவதில் பெரும்பாலும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும். நம் பாட்டிமார் இருந்த அதே இடத்தில் வேறு ஏழைகள். அவர்களுக்காகவும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். வலி தெரிந்தவர்கள் வேறு யார்?

தம்பியும் நானும் ஒரு கடிதம் எழுதினோம். மாச்சாவுக்கு அவர் அனுப்புகிற அதே கேள்வித்தாள்தான், கொஞ்சம் மாற்றி. இந்தத் தூள் எந்த நாட்டு இலை, கலப்பென்றால் எந்தெந்த நாடு? எந்தத் தோட்டம் அல்லது எந்தத் தொழிற்சாலை, அதன் பதிவு எண் என்ன? பறிப்பவரின் நாள் கூலி எவ்வளவு, அதற்கு எத்தனை கிலோ கேட்கிறீர்கள்? அவர்கள் குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது? கடைசிக் கேள்வியை நான் சேர்த்தேன். தம்பி தயங்கினார், "இதையெல்லாம் கேட்டா சரக்கு தருவானா அண்ணே?" என்றார். தோட்டத்தை விற்ற அன்று பால்மரம் வெட்டிய நம் அப்பா அம்மாவை லயத்தை விட்டு வெளியேற்றினார்களே, அப்போது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தானே தெருவில் நின்றோம்? கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன்.

பல சரக்கு மொத்த விற்பனையாளர்களில் மூவருக்கு அனுப்பினோம். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் போனில் கூப்பிட்டு, "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டார். மூன்றாமவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார்: மலையின் உயரம், மண்ணின் தன்மை, பனியின் குளுமை, இலையின் நறுமணம். கூலி பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் தோட்டத்தின் பெயரை மட்டும் தெரியாத்தனமாக எழுதிவிட்டார்.

அந்தத் தோட்டத்துக்கு நேரே எழுதிய கடிதம் திங்கட்கிழமை தபாலில் போயிருக்கிறது, தமிழில். உங்கள் கடையில், கேண்டீனில், கோயிலில் வாங்குகிற தேயிலைப் பையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இந்த மடலுக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதங்களை எங்கே அனுப்புவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.